குர்ஆன் ஓதக் கற்கும் தமிழ்க் குழந்தை: ஒலிப்பிறப்பு, மாத்திரை, புணர்ச்சி நோக்கில் ஓர் ஒப்பாய்வு (புதுக்கோட்டை மாவட்டக் கடலோர ஊர்களை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இசுலாமியக் குழந்தைகள் ஏறத்தாழ ஐந்து வயதில் இரண்டு எழுத்து முறைகளை ஒரே காலத்தில் கற்கத் தொடங்குகின்றனர். காலையில் பள்ளிவாசல் மதரஸாவில் அரபு எழுத்தையும், பின்னர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ் எழுத்தையும் பயில்கின்றனர். குர்ஆனை ஓதும்போது அக்குழந்தைகளிடம் தோன்றும் பிழைகளில் பெரும்பகுதி கவனக்குறைவாலோ நாவின் குறையாலோ நேர்வதில்லை. தமிழ் ஒலியமைப்பின் ஒழுங்கான விதிகளிலிருந்தே அவை பிறக்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அரபு ஓதற்கலையாகிய தஜ்வீதின் விதிகள், தொல்காப்பியப் பிறப்பியல், மாத்திரை, அளபெடை, குற்றியலுகரம், புணர்ச்சி ஆகியவற்றோடு ஒப்பிடப்படுகின்றன. அவ்வொப்பீட்டின் வழியே தொடக்கநிலைக் கற்பித்தலுக்கான சில முறைகள் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஓதல், மதரஸா, தஜ்வீது, பிறப்பியல், மாத்திரை, குற்றியலுகரம், எழுத்துப்பெயர்ப்பு, அரபுத்தமிழ், புதுக்கோட்டை.

முன்னுரை

தமிழ் முசுலிம்கள் தம் சமயச் சொற்களுள் பலவற்றைத் தமிழிலேயே அமைத்துக்கொண்டனர். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல் என்பன அவ்வாறு அமைந்தவை. அவ்வரிசையில் ஓதல் என்னும் சொல் தனிக் கவனத்திற்குரியது. செய்தித்தாளை வாசிப்பர்; பாடநூலைப் படிப்பர்; குர்ஆனை ஓதுவர். சைவ மரபில் திருமுறை பாடுவோரை ஓதுவார் என வழங்குவதும் இதே வேரைக் கொண்டதே. கண்ணால் எழுத்தைக் காண்பதோடு நில்லாமல், ஆசிரியர் வாயிலிருந்து ஒலியைச் செவியால் பெற்று, அவ்வாறே திருப்பிச் சொல்லும் கல்வி என்பது இச்சொல்லின் உட்பொருள். குர்ஆன் என்னும் பெயரும் ஓதுதலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்தே பிறந்தது.

குர்ஆன் 114 அத்தியாயங்களும் 30 பகுதிகளும் கொண்டது. அதனைத் தமிழ்க் குழந்தைக்கு ஓதக் கற்பிக்கும் முறை பற்றிச் சமய நோக்கில் எழுதப்பட்ட கையேடுகள் பல உள்ளன. எனினும், கற்பவரின் தாய்மொழியாகிய தமிழ் அக்கல்வியில் ஆற்றும் பங்கினை இலக்கண நோக்கில் ஆராய்வது தமிழாய்வுக்கு உரிய பணியாகும். குழந்தை மதரஸாவுக்கு வெறும் நாவோடு வருவதில்லை. ஐந்தாண்டுத் தமிழ் பழகிய நாவோடு வருகிறது. அந்நாவின் பழக்கம் எவ்விடத்தில் துணை செய்கிறது, எவ்விடத்தில் தடை செய்கிறது என்னும் வினாவே இக்கட்டுரையின் கருப்பொருள்.

ஒப்பீட்டு முறையும் விளக்க முறையும் இங்குப் பின்பற்றப்படுகின்றன. அரபு எழுத்துகள் யாவும் தமிழ்ப் பெயர்களாலும் அடைமொழிகளாலும் சுட்டப்படுகின்றன. அவ்வாறு சுட்டும்போது ஏற்படும் இடர்ப்பாடே இக்கட்டுரையின் சான்றுகளுள் ஒன்றாகவும் அமையும்.

1. களமும் கல்வி மரபும்

புதுக்கோட்டை மாவட்டம் 1974ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் 16,18,345 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் முசுலிம்கள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர். கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாப்பட்டினம், மீமிசல், ஜெகதாப்பட்டினம் முதலிய கடலோர ஊர்களிலும், அறந்தாங்கி போன்ற உள்நாட்டு நகரங்களிலும் இவர்கள் வாழ்கின்றனர். திருமயத்திற்கு அப்பால் மதுரைச் சாலையில் அமைந்த காட்டுபாவா பள்ளிவாசல் இப்பகுதியின் பழைய இசுலாமிய மரபுக்கு அடையாளமாக விளங்குகிறது.

தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் குழந்தைகளின் ஓதற்கல்வி பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில் நிகழ்கிறது. வைகறைத் தொழுகைக்குப் பின் பள்ளிக்கூடம் தொடங்குமுன் ஒரு நேரமும், மாலையில் ஒரு நேரமும் இதற்கென ஒதுக்கப்படுவது பொதுவழக்கு. கற்பிப்பவர் உஸ்தாத், ஹஜ்ரத், ஆலிம்சா என அழைக்கப்படுகிறார். பெண் குழந்தைகளுக்கு ஆலிமாக்கள் கற்பிப்பதும் உண்டு. முதலில் எழுத்துகளைக் கற்பிக்கும் காயிதா, அடுத்து அம்ம ஜுஸ்வு எனப்படும் முப்பதாம் பகுதி, அதன்பின் முழுக் குர்ஆன் என்பது பாட வரிசை. முப்பதாம் பகுதி 78ஆம் அத்தியாயம் முதல் 114ஆம் அத்தியாயம் வரை 37 சிறு அத்தியாயங்களைக் கொண்டது. தொழுகையில் ஓதப் பயன்படுவதாலும் சிறியனவாக இருப்பதாலும் இறுதி அத்தியாயங்களிலிருந்து மனப்பாடம் தொடங்குகிறது. முழுக் குர்ஆனையும் ஓதி முடிக்கும் நிகழ்வு கத்தம் எனப்படும்; அன்று இனிப்பு வழங்கி மகிழ்வர்.

மூத்த மாணவர் இளையவருக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும், ஒருவர் சொல்ல மற்றவர் சேர்ந்து முழங்குவதும் மதரஸாவில் இயல்பானவை. தமிழ்த் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஆற்றிய பணியும் இதுவே. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் வெளியிட்ட நூலின் வழி இங்கிலாந்தில் பரப்பினார் என்பது கல்வி வரலாற்றில் அறியப்பட்ட செய்தி. மணலில் எழுதிப் பயிலும் உள்ளூர்ச் சிறுவரைக் கண்டே அவர் தம் முறையை வகுத்தார். ஆகவே மதரஸாவின் கற்பித்தல் முறை தமிழ் மண்ணின் தொடக்கக் கல்வி மரபோடு உறவுடையது.

2. எழுத்துக்கூட்டலும் தமிழ் அரிச்சுவடியும்

அரபு எழுத்துகள் 28. அவை அடிப்படையில் மெய்களே. குறில் உயிர்கள் எழுத்தின் மேலும் கீழும் இடப்படும் குறிகளால் உணர்த்தப்படுகின்றன. இக்குறிகளைப் பாரசீக வழிவந்த பெயர்களால் ஸபர், ஸேர், பேஷ் என்றும், அரபுப் பெயர்களால் ஃபத்ஹா, கஸ்ரா, ளம்மா என்றும் வழங்குவர். "அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஸேர் இ, அலிஃப் பேஷ் உ" எனக் கூட்டிச் சொல்லும் முறை பழைய காயிதாக்களின் அடிப்படை. தமிழில் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவதைக் கூட்டிச் சொல்லும் முறைக்கு இது நிகரானது.

தமிழ் எழுத்தைக் கற்கும் குழந்தைக்கு இங்கு மூன்று நன்மைகள் உள்ளன. முதலாவது, உயிரற்ற மெய்யைப் புள்ளியால் குறிக்கும் வழக்கம் தமிழில் உண்டு. அரபில் அப்பணியைச் சுகூன் செய்கிறது. இரண்டாவது, தமிழில் இரட்டித்த மெய் மிகுதி; பக்கம், அம்மா, பள்ளி எனப் பழகிய குழந்தைக்கு ஷத்து எனப்படும் இரட்டிப்புக் குறி ஒலியளவில் எளிதே. மூன்றாவது, கெ, கே, கை என்பவற்றில் உயிர்க்குறி மெய்யின் இடப்புறம் நிற்பினும் ஒலி பின்னரே வருகிறது. எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் வேறாகலாம் என்பதைத் தமிழ்க் குழந்தை விரைவில் உணர்ந்துவிடுகிறது. வலமிருந்து இடமாக எழுதுவதும், சொல்லின் முதல், இடை, கடை ஆகிய இடங்களுக்கேற்ப எழுத்தின் வடிவம் மாறுவதும் மட்டுமே முற்றிலும் புதியவை.

அண்மைக் காலத்தில் வேறொரு சிக்கலும் சேர்ந்துள்ளது. இந்தியாவில் அச்சிடப்படும் குர்ஆன் பிரதிகளின் எழுத்தமைதிக்கும், மதீனாவிலிருந்து வரும் பிரதிகளின் எழுத்தமைதிக்கும் குறியீடுகளில் வேறுபாடு உண்டு. நெடிலைக் காட்டும் முறை, சுகூனின் வடிவம் ஆகியன வேறுபடுகின்றன. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் உறவினர் கொண்டுவரும் பிரதி வீட்டிலும், இந்தியப் பிரதி மதரஸாவிலும் இருக்கும்போது எழுத்தறியத் தொடங்கிய குழந்தை தடுமாறுகிறது. தொடக்க நிலையில் ஒரே எழுத்தமைதியைப் பின்பற்றுவதே தக்கது.

3. ஒலிப்பிறப்பு: பிறப்பியலும் மக்ரஜும்

எழுத்து பிறக்கும் இடத்தைத் தஜ்வீது நூலார் மக்ரஜ் என்பர். அதன் எண்ணிக்கையில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 17 என்னும் கொள்கையே இப்னுல் ஜஸரீ (இறப்பு 1429) வழி பரவலாக ஏற்கப்பட்டது. அவை வாய்வெளி, மிடறு, நா, இதழ், மூக்கு என்னும் ஐந்து பேரிடங்களுள் அடங்கும். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியலைத் தனி இயலாகவே வகுத்தார். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தாகப் பிறப்பதை அவர் விளக்குகிறார். இரு மரபுகளும் ஒன்றையொன்று சாராமல் ஏறத்தாழ ஒரே நோக்கை அடைந்துள்ளன. ஓதும் மொழியின் ஒலி சிதையாமல் காக்கப்பட வேண்டும் என்னும் கவலை எங்குண்டோ அங்குப் பிறப்பியல் தோன்றுகிறது.

தமிழ்க் குழந்தையின் நோக்கில் அரபு எழுத்துகள் 28ஐயும் மூன்றாக வகுக்கலாம்.

முதல் வகை தமிழ்ப் பேச்சிலும் கிரந்த எழுத்தின் வழியும் பழகியவை: அலிஃப், பா, மெல்லிய தா, ஜீம், தால் (பந்து என்பதில் வரும் தகர ஒலி), ரா, ஸீன், ஷீன், மெல்லிய காஃப், லாம், மீம், நூன், அடிமிடற்று ஹா, வாவ், யா ஆகிய 15.

இரண்டாம் வகை தமிழில் தனியெழுத்தாக இல்லாவிடினும் சொல்லிடை ஒலியாகவோ கடன்சொல் வழியோ அணுகத்தக்கவை: ஃபா, ஸாய், பல்லிடை ஸா, பல்லிடை தால், மேல்மிடற்று கா, கைன் ஆகிய 6. அது, பாதை என்பவற்றின் தகரம் பேச்சில் உரசொலியாக ஒலிப்பதால் பல்லிடை தாலுக்கு அது வாயிலாகிறது. பகல், அகம் என்பவற்றின் ககரம் நெகிழ்ந்து ஒலிப்பதால் கைன் என்னும் எழுத்தை அதிலிருந்து அணுகலாம்.

மூன்றாம் வகை முற்றிலும் புதியவை: நடுமிடற்று ஹா, ஐன், அடிநாக் காஃப், ஸாத், ளாத், தடித்த தா, தடித்த ளா ஆகிய 7. ஆசிரியரின் நேரமும் பொறுமையும் மிகுதியாகத் தேவைப்படுவது இவ்வேழிற்கே. அகரவரிசையில் எழுத்துகளைக் கற்பிக்கும்போது ஆறாவது எழுத்திலேயே குழந்தை நடுமிடற்று ஹாவைச் சந்திக்கிறது. எளியதும் அரியதும் கலந்து வருவதால், எழுத்தின் வடிவத்தை அறிவதா ஒலியைப் பெறுவதா எனத் தெரியாமல் இரண்டிலும் தேங்குகிறது.

இவ்வேழனுள் ளாத் என்னும் எழுத்து தமிழாய்வுக்குச் சுவையான சான்றைத் தருகிறது. உருதுவழி வந்த வழக்கில் ரம்ஜான் என்பது, தமிழ் முசுலிம் வழக்கில் ரமளான் எனவும் ரமழான் எனவும் ஒலிக்கும். பர்ளு, வுளு என்பனவும் அத்தகையன. அரபு நூலோர் இவ்வெழுத்து நாவின் விளிம்பு மேற்கடைவாய்ப் பற்களைப் பொருந்தும்போது பிறப்பதாகக் கூறுகின்றனர். தொல்காப்பியர் லகர ளகரங்களின் பிறப்பைக் கூறுமிடத்தும் நாவிளிம்பையே சுட்டுகிறார். அரபுச் சொல்லாகிய அல்காளீ என்பது எசுப்பானிய மொழியில் அல்கால்தே என லகரம் பெற்று வழங்குவதும் இப்பண்டைய ஒலியின் விளிம்புத் தன்மையைக் காட்டும். ஆகவே முன்னோர் இவ்வெழுத்துக்கு ளகர ழகரங்களைத் தேர்ந்தது செவியின் நுட்பத்தால் விளைந்த தேர்வாகும்.

எனினும் ளகரமே ளாத் ஆகாது. ளகரத்தில் நாநுனி மேல்நோக்கி வளைகிறது. ளாத்தில் நாவிளிம்பு அழுந்த, நாவின் பின்பகுதி மேலெழுந்து ஒலி தடிக்கிறது. "நாவிளிம்பால் சொல், நுனியை வளைக்காதே" என்னும் குறிப்பு குழந்தைக்குப் போதும். ளகரத்திலிருந்து புறப்பட்டு ளாத்தை அடையலாம். ளகரத்திலேயே நின்றுவிடக் கூடாது.

4. மாத்திரையும் மத்தும்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்பது தமிழ் இலக்கணம். கண்ணிமைப்பொழுதும் கைந்நொடிப்பொழுதும் அதன் அளவு. தஜ்வீதில் நீட்டல் மத்து எனப்படும். அதன் அளவு ஹரகத் ஆகும். விரலை மடக்கியோ விரித்தோ அதனை எண்ணுவர். இயல்பான நீட்டல் இரண்டு ஹரகத். இது தமிழ் நெடிலின் அளவே. நீட்டலெழுத்தை அடுத்து ஹம்ஸா ஒரே சொல்லில் வருமாயின் நான்கோ ஐந்தோ ஆகும்; இரட்டித்த மெய் தொடருமாயின் ஆறு ஆகும். இயல்பளவைக் கடந்து நீளும் இவற்றைத் தமிழின் அளபெடையோடு ஒப்பிடலாம். நெடிலின்பின் இனக்குறில் நின்று அளபெடையை உணர்த்துவதுபோல, எழுத்தின் மேலிடப்படும் அலைக்கோடு மத்தை உணர்த்துகிறது.

குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறும் மொழி தமிழ். படு, பாடு எனப் பழகிய குழந்தையிடம் நெடிலைக் குறிலாக்கும் பிழை இயல்பாக மிகக் கூடாது. பிழை பெரும்பாலும் நேர்வது இரண்டிற்கும் ஆறிற்கும் இடைப்பட்ட அளவுகளில்தான். இங்கு விரல் எண்ணிக்கை நல்ல கருவி. முதல் அத்தியாயத்தின் இறுதிச் சொல்லான ளால்லீன் என்பதில் ளாத்தும், ஆறு ஹரகத் நீட்டலும், இரட்டித்த லாமும் ஒருங்கே வருகின்றன. ஒவ்வொரு தொழுகையிலும் ஓதப்படும் இச்சொல்லைத் திருத்தமாகக் கற்ற குழந்தை மூன்று விதிகளை ஒரு சொல்லில் கற்றதாகிறது.

5. ஈற்று வல்லினமும் குற்றியலுகரமும்

தமிழ்ச் சொல் எதுவும் வல்லின மெய்யில் முடிவதில்லை. ஈற்றில் வல்லினம் வருமாயின் அஃது உகரத்தை ஊர்ந்தே வரும். இவ்வியல்பினாலேயே பரக்கத் என்பது பரக்கத்து எனவும், மவ்த் என்பது மவுத்து எனவும், ஹக் என்பது ஹக்கு எனவும் தமிழில் வழங்கின. தமிழ்ச் சொல்வழக்கில் இவை பிழையல்ல. கடன்சொல்லைத் தன் இயல்புக்கேற்ப அமைத்துக்கொள்வது மொழியின் உரிமை. ஓதலிலோ இப்பழக்கம் சிக்கலாகிறது. அஹத் என நிற்க வேண்டிய இடத்தில் குழந்தை அஹது என்கிறது.

தஜ்வீதில் அடிநாக் காஃப், தடித்த தா, பா, ஜீம், தால் ஆகிய ஐந்தும் உயிரின்றி நிற்கும்போது சிறு அதிர்வோடு ஒலிக்க வேண்டும். இது கல்கலா எனப்படும். 112ஆம் அத்தியாயத்தின் நான்கு வசனங்களும் தாலில் முடிகின்றன. 111, 113ஆம் அத்தியாயங்களின் ஒவ்வொரு வசனமும் கல்கலா எழுத்துகளிலேயே முடிகிறது. குழந்தை முதலில் மனனம் செய்யும் அத்தியாயங்களே இவை. கல்கலாவைக் கேட்கும் தமிழ்ச் செவி அதனைக் குற்றியலுகரமாகவே உணர்கிறது. நாவும் அவ்வாறே ஒலிக்கிறது. பலமுறை ஓதிக் காட்டியும் குழந்தை திருந்தாமைக்குக் காரணம் பிடிவாதமன்று. கேட்ட ஒலியைத் தன் மொழியின் வழியே அது கேட்டதுதான் காரணம்.

தீர்வும் இதிலேயே உள்ளது. குற்றியலுகரம் குறுகியதாயினும் ஓர் உயிரொலி. கல்கலா உயிரொலி சேராத அதிர்வு மட்டுமே. ஆசிரியர் குழந்தையின் ஈற்றொலியைக் கூர்ந்து கேட்டால் பிழையை அறியலாம். குழந்தையும் எதிரே இருக்கும் தோழரின் ஈற்றொலியைக் கேட்டுத் திருத்தலாம்.

6. மெல்லினமும் புணர்ச்சியும்

உயிரற்ற நூனுக்கு நான்கு நிலைகள் கூறப்படுகின்றன: தெளிவாக ஒலித்தல் (இள்ஹார்), அடுத்த எழுத்தில் கலத்தல் (இத்காம்), மீமாக மாறுதல் (இக்லாப்), மறைந்து ஒலித்தல் (இக்ஃபா). தமிழ் மாணவர்க்கு இவை அயலானவை அல்ல. ஓர் ஒலி அடுத்த ஒலியை நோக்கித் திரிவதும் கெடுவதும் புணரியலின் அடிப்படை. பா என்னும் எழுத்தின்முன் நூன் மீமாவது, எண்பது என்பது பேச்சில் எம்பது ஆவதை ஒத்தது. அவன்கிட்டே என்பது அவங்கிட்டே ஆவதை அறிந்த நாவுக்கு இக்ஃபாவும் ஓரளவு எளிதே. கலத்தல் விதியில் யகுன் லஹு என்பது யகுல்லஹு ஆகும். நல் நெறி என்பது நன்னெறி ஆவதில் லகரம் னகரமாகிறது. இங்கு நூன் லாமாகிறது. திசை மாறினும் தத்துவம் ஒன்றே.

ஆனால் இவ்வெளிமைக்குள் ஓர் இடர் மறைந்துள்ளது. தமிழில் மெல்லினத்தை அடுத்த வல்லினம் ஒலிப்புடையதாகிறது. சங்கு, பந்து, கம்பு என்பவற்றில் கு, து, பு ஆகியன அதிர்ந்து ஒலிக்கின்றன. அரபில் அவ்வாறில்லை. நீ எனப் பொருள்படும் அன்த என்னும் அரபுச் சொல்லைத் தமிழ்க் குழந்தை நம் சுட்டுச் சொல்லாகிய அந்த என்பதுபோல் ஒலித்துவிடுகிறது. எழுத்தளவில் இது தாவைத் தாலாக மாற்றும் பிழை. எழுத்து மாறும் பிழையை லஹ்ன் ஜலீ, அதாவது வெளிப்படைப் பிழை என்பர். மூக்கொலியின் அளவு போன்ற நுட்பங்களில் நேர்வது மறைபிழை. முதல் அத்தியாயத்தில் வரும் அன்அம்த என்னும் சொல்லில் ஐனின்முன் நூன் தெளிவாகவும், தாவின்முன் மீம் தெளிவாகவும் ஒலிக்க வேண்டும். இரண்டுமே தமிழ் நாவின் பழக்கத்திற்கு மாறானவை.

உயிரிடை வல்லினத்திற்கும் இதுவே நிலை. இய்யாக என்னும் அரபுச் சொல்லின் காஃப் அழுத்தமாக ஒலிக்க வேண்டியது; தமிழின் ஆக என்பதில் வரும் ககரம் நெகிழ்ந்து ஒலிப்பது. குழந்தை பின்னதன் வழியே முன்னதை ஓதுகிறது. வல்லினம் மிகும் இடத்தில் தமிழ்க் ககரம் நெகிழ்வதில்லை. பக்கம் என்பதில் வரும் ககரத்தின் அழுத்தத்தை இரட்டிப்பின்றிச் சொல்லச் செய்வது பயனுள்ள பயிற்சி.

7. தமிழ் எழுத்தில் அரபு: எல்லையும் படிப்பினையும்

அரபு ஓத அறியாதவர்க்கெனத் தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதிய யாசீன் முதலிய ஏடுகள் பரவலாகக் கிடைக்கின்றன. மதரஸாவுக்குச் செல்லும் குழந்தைகளுக்கும் இவற்றைத் துணையாகத் தரும் வழக்கம் உண்டு. மேலே கண்ட ஒப்பீடு இதன் எல்லையைத் தெளிவாக்கும். இக்கட்டுரையிலேயே மெல்லிய தா, தடித்த தா எனவும், அடிமிடற்று ஹா, நடுமிடற்று ஹா எனவும் அடைமொழி சேர்க்க வேண்டியதாயிற்று. அடைமொழியின்றி எழுதினால் இரு ஹாவும் ஒன்றே. இரு காஃபும் ஒன்றே. உள்ளம் எனப் பொருள்படும் சொல்லும் நாய் எனப் பொருள்படும் சொல்லும் தமிழ் எழுத்தில் கல்பு என்றே ஒன்றுபடும். அதற்கும் மேலாக, தமிழ் எழுத்து தன் ஒலியை இடத்திற்கேற்ப மாற்றிக்கொள்வது. மாலிகி எனத் தமிழில் எழுதினால் அதன் ககரம் நெகிழ்ந்தே படிக்கப்படும். குறை அச்சிட்டவருடையதன்று, அது தமிழ் எழுத்தின் இயல்பு.

முன்னோர் இச்சிக்கலை எதிர்த்திசையில் அணுகினர். அரபு எழுத்தைக் கொண்டு தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபில், அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் குறியீடுகள் அமைக்கப்பட்டன. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அம்மரபில் சமய நூல்களை இயற்றினர். அரபுத்தமிழ் பயின்ற குழந்தை ஓதுவதற்கும் வாசிப்பதற்கும் ஒரே எழுத்தைப் பயன்படுத்தியது. குர்ஆனில் கற்ற எழுத்து அன்றாட வாசிப்பாலும் வலுப்பெற்றது. அம்மரபு வழக்கொழிந்தபின் அரபு எழுத்து ஓதுவதற்கு மட்டும் உரியதாகிப் பயிற்சி குறைந்தது. ஓதி முடித்தவர் சில ஆண்டுகளில் எழுத்தை மறந்து தமிழ்ப்பெயர்ப்பு ஏட்டை நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

8. பொருளறியா ஓதல் பற்றிய வினா

பொருள் அறியாத மொழியைக் குழந்தை ஓதுவதால் பயன் என்ன என்னும் வினா புதியதன்று. இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் நாடுதோறும் குழந்தைக் கல்வி வேறுபடுவதை விளக்குகிறார். மக்ரிபு மக்கள் குர்ஆனை மட்டுமே கற்பித்தனர். அந்தலூசியர் அதனோடு கவிதை, இலக்கணம், எழுத்துக்கலை ஆகியவற்றையும் சேர்த்தனர். மொழியை முதலில் கற்பித்துப் பின்னரே குர்ஆனைத் தொடங்க வேண்டும் என்னும் அபூபக்ர் இப்னுல் அரபியின் கருத்தை அவர் நல்லதென ஏற்றாலும், வழக்கம் அதற்கு இடந்தரவில்லை என்கிறார். மாணவரிடம் கடுமை காட்டுவது அவர்தம் இயல்பைக் கெடுக்கும் எனவும் எச்சரிக்கிறார்.

தமிழ்ச் சூழலில் இவ்வினாவுக்கு நடுவழி உண்டு. அப்துல் ஹமீது பாகவியின் மொழிபெயர்ப்புத் தொடங்கிப் பல தமிழாக்கங்கள் இன்று கிடைக்கின்றன. குழந்தை மனனம் செய்யும் சிறு அத்தியாயங்களின் கருத்தை இரண்டொரு தமிழ்த் தொடரில் சொல்லிவைத்தல் ஓதலின் நேரத்தைக் குறைப்பதில்லை. மாறாக நினைவை உறுதியாக்கும். ஒலியின் திருத்தமும் பொருளின் தொடக்க அறிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

9. கற்பித்தலுக்கான முன்மொழிவுகள்

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவைச் சேர்ந்த அசத் ஹுமாம் உருவாக்கிய இக்ரோ என்னும் ஆறு சிறு நூல்கள், எழுத்துப் பெயரைக் கூட்டிச் சொல்வதை விடுத்து நேரே ஒலியாக வாசிக்கச் செய்தன. அம்முறை அந்நாட்டில் மிக விரைவாகப் பரவியது. ஒரு மொழிச் சூழலில் வென்ற நூலை அப்படியே பெயர்த்தல் போதாது; தமிழ் நாவுக்குரிய வரிசை தமிழ் ஒலியமைப்பிலிருந்து பிறக்க வேண்டும். அந்நோக்கில் பின்வருவன முன்வைக்கப்படுகின்றன.

ஒன்று: பழகிய 15 எழுத்துகளை முதலிலும், அணுகத்தக்க 6ஐ அடுத்தும், புதிய 7ஐ இறுதியிலும் ஒலிப்பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். அகரவரிசையை மனப்பாட அளவில் தொடரலாம்.

இரண்டு: புதிய எழுத்தைத் தனியே கற்பிக்காமல் இணையாகக் கற்பிக்க வேண்டும். இரு ஹாவையும் இரு காஃபையும் அடுத்தடுத்து ஒலித்து, எது எனக் குழந்தையைக் கைகாட்டச் சொல்லலாம். செவி வேறுபாட்டை அறியும்முன் நா அதனை ஒலிக்காது.

மூன்று: கல்கலாவுக்கு ஈற்றொலியையும், மத்துக்கு விரலையும், ளாத்துக்கு நாவிளிம்பையும் அடையாளமாகக் கொள்ளலாம்.

நான்கு: மெல்லினத்தை அடுத்த வல்லினம், உயிரிடை வல்லினம் ஆகிய இரண்டையும் முதல் அத்தியாயத்தின் சொற்களைக் கொண்டே தனிப் பயிற்சியாக்க வேண்டும்.

ஐந்து: தமிழ்ப்பெயர்ப்பு ஏடுகளை எழுத்தறியும் பருவத்துக் குழந்தைக்குத் தராமை நலம். ஓத அறியா முதியவர்க்கு அவற்றின் பயன் வேறு.

ஆறு: பிழையை வெளிப்படைப் பிழை, மறைபிழை என வகுத்து, முதலாண்டில் முன்னதை மட்டும் திருத்தலாம். அனைத்தையும் ஒரே நாளில் திருத்த முயன்றால் குழந்தை ஓதுவதையே அஞ்சும். தடுமாறி ஓதுபவருக்கு இரட்டை நற்கூலி உண்டு என்னும் நபிமொழி இங்கு ஆசிரியர் நினைவிற்குரியது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. தமிழ்க் குழந்தையின் ஓதற்பிழைகள் விதிக்குட்பட்டவை. குற்றியலுகரம், மெல்லினத்தை அடுத்த வல்லினத்தின் ஒலிப்பு, உயிரிடை வல்லினத்தின் நெகிழ்வு ஆகிய தமிழ் இயல்புகளே அவற்றுக்குக் காரணம். மாத்திரை, இரட்டிப்பு, புள்ளி, புணர்ச்சி ஆகியவற்றில் தமிழ் அறிவு ஓதலுக்குத் துணையாகிறது. தொல்காப்பியப் பிறப்பியலின் சொற்களைக் கொண்டே மக்ரஜைத் தமிழில் தெளிவாக விளக்க முடியும்.

"இப்பிள்ளைக்கு நா வராது" என்னும் சொல் எந்த ஊர் மதரஸாவிலும் எழக்கூடியது. அச்சொல்லைக் கேட்ட குழந்தை ஓதுவதை நிறுத்திவிடுமாயின், இழப்பு அக்குழந்தைக்கு மட்டுமன்று. நா வராமை என எண்ணப்படுவது, நன்றாகத் தமிழ் பேசும் நாவின் அடையாளமே. அதனை உணர்ந்த ஆசிரியர் குழந்தையைக் கடிந்துகொள்ளார். எந்தத் தமிழ் ஒலி குறுக்கே நிற்கிறது எனப் பார்த்து அதனை விலக்கிக் காட்டுவார். கோட்டைப்பட்டினம் முதலிய ஊர்களின் மதரஸாக்களில் இப்பிழை வகைகளைக் குரற்பதிவு செய்து முறையாக ஆராய்வதும், தமிழ் ஒலியமைப்பை அடிப்படையாகக் கொண்ட காயிதா ஒன்றை உருவாக்குவதும் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். அப்பணியில் தமிழ்த் துறையினரும் மதரஸா ஆசிரியரும் ஒருங்கே அமர வேண்டும்.